சாவியோடு கொடுத்தது

மெஹருன்னிசா வேலூருக்குக் கிளம்பின காலையில்
வீட்டுச் சாவியையும்
பெயிண்ட் வாளியில் நின்ற குரோட்டன்ஸையும்
சேர்த்தே கொடுத்தாள்.
"ரெண்டு நாளைக்கு ஒரு சொம்பு, ரெஜினாக்கா.
அவ்ளோதான் கேக்கும்."
கீழே ஆட்டோவில் கவுஸ் உட்கார்ந்திருந்தார்.
மடியில் ஸ்கேன் கவர்,
ஊதாக் கட்டம் போட்ட சட்டை.

ஒரு சொம்புதான்.
ஆனால் தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில்
ஒரு சொம்பு என்பது
லாரி வந்த நாளா வராத நாளா என்பதைப் பொறுத்தது.
முதல் வாரம் ஊற்றினேன்.
இரண்டாம் வாரம் லாரி வரவில்லை.
மூன்றாம் வாரம் வந்தது, நான்தான் மறந்தேன்.
அதை லாரி மேல் போட முடியாது.

"செடி எப்டிகீதுக்கா?"
முதல் நாள் எடுத்த படம் போனில் இருந்தது.
அனுப்பினேன்.
அடுத்த முறை அதையே ஓரம் வெட்டி,
அதற்கும் அடுத்த முறை வெளிச்சம் கூட்டி.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி எதிரே
பதினோரு வருஷம் ஜெராக்ஸ் போடுகிறவளுக்கு
இதெல்லாம் ஒரு வேலையா?

ஆடி பிறந்த ஞாயிறு கதவைத் திறந்து பார்த்தேன்.
நாலு குச்சி.
உதிர்ந்த இலைகள் அப்பளம் மாதிரி நொறுங்கின.
எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல்
ஜன்னல் வழியாக வந்து மேலே படிந்திருந்தது.
அவசரமாக ஒரு சொம்பு ஊற்றினேன்.
மண் வாங்கவில்லை.
வாளியின் ஓரமாகவே இறங்கி
அடி ஓட்டை வழியே
என் காலை நனைத்துக்கொண்டு ஓடிப்போனது.
பட்டினியில் கோபித்துக்கொண்டவர்
சோற்றைக் கண்டதும் முகத்தைத் திருப்புவாரே,
அப்படி.

கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன்.
முதல் குச்சி, பழுப்பு.
இரண்டாவது கையோடு வந்துவிட்டது.
மூன்றாவதில் தோலுக்கு அடியில்
வெந்தயம் அளவு பச்சை.
"ஏசுவே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்
ஆளில்லாத வீட்டில்.

துணி அலசும் அன்னக்கூடையில்
ஒரு கேன் தண்ணீர், முப்பத்தைந்து ரூபாய்,
முழுசாகக் கவிழ்த்தேன்.
ஸ்குரூ டிரைவரால் மண்ணை அங்கங்கே குத்தி
வாளியோடு உள்ளே இறக்கினேன்.
குமிழி.
இன்னொன்று.
அப்புறம் கூட்டமாக.
கொருக்குப்பேட்டை கேட் போட்டு
ஒரு கூட்ஸ் முழுதாகக் கடந்துபோகிற நேரம்
அது மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் போன் அதிர்ந்தது.
"அவரு நல்லாகீறாருக்கா, பாரு."
கவுஸ் சிரிக்கிறார்.
ஊதாக் கட்டம் போட்ட சட்டை.
தோளுக்குப் பின்னால் நூலளவு மஞ்சள்,
ஆட்டோவின் ரெக்ஸின்.
வெட்டின ஓரம் எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியாதா?

நான் எதுவும் கேட்கவில்லை.
மற்ற மூன்று குச்சிகளையும் அடியோடு நறுக்கினேன்.
வெயில் படாத மூலைக்கு நகர்த்தினேன்.
ஐந்து நாள் கழித்தும்
ஒற்றைக் குச்சி, நகம் பட்ட தழும்பு,
முளை என்று ஒன்றும் இல்லை.
அதை அப்படியே படமெடுத்து அனுப்பினேன்.
"மறந்துட்டேன் மெஹரு.
இது இன்னைக்கு எடுத்தது."

ரெண்டு நீல டிக்.
ராத்திரி முழுக்க ஹார்பர் பக்கம்
கன்டெய்னர் இறக்குகிற சத்தம்.

மறுநாள் கடையில்
யாரோ ஒருவரின் டிஸ்சார்ஜ் தாளை
மெஷினில் கவிழ்க்கும்போது வந்தது.
சட்டை இல்லாத கவுஸ்.
பாதிதான் மிச்சம்.
மூக்கில் குழாய், ஒட்டின பிளாஸ்திரி,
கண் மட்டும் நேராக என்னைப் பார்த்தது.
கூடவே நாலு செகண்ட் குரல்:
"இதுவும் இன்னைக்கு எடுத்ததுதான்க்கா."

எத்தனை காப்பி என்று கவுன்டரில் கேட்டுக்கொண்டே
ஏழு காப்பி அதிகமாகப் போட்டுவிட்டேன்.

சாயந்திரம் சொம்போடு அவள் வீட்டுக்குப் போனேன்.
மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன்.
ஈரம் இருக்கிறது.
இன்றைக்கு ஊற்றக்கூடாது,
ஊற்றினால் வேர் அழுகும்.
தெரிந்தும்
சொம்பைக் கீழே வைக்காமல் நின்றேன்,
லைட்டும் போடாமல்.